கோட்டைக்குப் போனியளா?

மே 14, செவ்வாய். வரென்னா, இத்தாலி

எங்கள் சுற்றுலாக் குழு இன்று காலை வெனிஸுக்குக் கிளம்பிப் போய்விட்டது. பஸ் புறப்படும்போது எல்லோரும் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயரானவன் நான். ஆயுசு முழுக்க பஸ்ஸை அனுப்பிவைத்ததுதான் என் உத்தியோகம். ஒரு பஸ் போன பிறகும் அது திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏரிப் படகிலிருந்து இறங்கும்போது உலகு இரும்புப் படியில் கால் தவறி விழுந்துவிட்டாள். உலகம்மாள், என் மனைவி. பின்மண்டையில் அடி. இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் லெக்கோ என்று பெரிய ஊர், அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. தலைக்குள் லேசாக ரத்தம் கட்டியிருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டாம், தானே கரைந்துவிடும், ஆனால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

குழுவை அழைத்துவந்த பையன் எனக்குப் பியேரா என்ற அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தான். எங்களோடு வந்த சமையல்காரர் அரிசி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு குக்கர் எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அவர் சாம்பாரைத்தான் வழிநெடுகக் குறை சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள். உலகு நன்றாகத்தான் பேசுகிறாள். "நான் இங்க கெடக்கேன்னு நீங்களும் ரூமுக்குள்ள கெடக்காதிய. ராஜா எம்புட்டு ஆசையா நம்மள அனுப்பிவச்சான். எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

ராஜா எங்கள் மகன் இசக்கிராஜா. கனடாவில் இருக்கிறான். என் அறுபதுக்கு அவன் செய்த ஏற்பாடு இந்த யாத்திரை. ஆகவே நாளையிலிருந்து காலையில் ஊர் பார்ப்பது, சாயங்காலம் அவளுக்குச் சொல்வது. விட்டுப்போகக்கூடாது என்பதற்காக, டூர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன்.

மே 15, புதன்

காலையில் ஏரிக்கரைத் தோட்டம். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் மடமாக இருந்ததாம். ஏரியை ஒட்டி நீளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சிலைகள், படிகள், எலுமிச்சை மரங்கள். கற்றாழைக்குப் பெயர்ப்பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வேலியோரம் ஆடு முகர்ந்துவிட்டுப் போகும் செடி, இங்கே நாலு பேர் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

ஏரி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை தண்ணீர் கிடக்கிறது, குளிக்கிற ஆள் ஒருத்தர் இல்லை. குற்றாலத்துக்காரனுக்கு இது மனசு ஒப்பவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. டாக்டர் ரிவா என்று ஒரு பெண், சின்ன வயசு. உலகுவிடம் தினமும் சில கேள்விகள் கேட்பார்களாம். இது எந்த இடம், என்ன மாதம், இப்படி. மொழிபெயர்க்க சிஸ்டர் ரோஸிலி இருக்கிறார். கேரளத்துக் கன்னியாஸ்திரி, நர்ஸ். நாகர்கோவிலில் படித்தவர், அதனால் தமிழ் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன உலகு, சிஸ்டர் என்னைக் காட்டி "இவரு பேரு என்ன அம்மா?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டார்கள். போர்வையை இழுத்து வாயில் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். டாக்டர் முகம் மாறிப்போயிற்று. என்னவோ எழுதினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிஸ்டரிடம் விளக்கினேன். எங்கள் பக்கத்தில், அதிலும் இவள் வயசுக்காரிகள், புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். என் பேர் ஆவுடையப்பன். எங்கள் தெருவில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். அதில் பாதி என் பேர் இருக்கிறது என்பதால் அவளைக்கூட உலகு 'வளையல்காரி' என்றுதான் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் என் விலாவில் இடிப்பாள். ராஜா பிறந்தபோது பிரசவ வார்டில் தகப்பன் பேர் கேட்டிருக்கிறார்கள். "பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கேட்டுக்கிடுங்க" என்று சொன்னவள்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே டாக்டருக்குச் சொன்னார். டாக்டரும் சிரித்தார். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை.

மே 16, வியாழன்

மழை. ரயில் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். வேறொன்றுமில்லை.

மே 17, வெள்ளி

இன்று கோட்டை. ஊருக்குப் பின்னால் மலைமேல் இருக்கிறது. கல் பாவிய செங்குத்தான பாதை. முட்டி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது. மேலே ஒரு சதுரக் கோபுரம், சுற்றி ஆலிவ் மரங்கள். கையில் தோலுறை மாட்டிய ஒருவர் ராஜாளிகளை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் ஏரி மூன்று கையாகப் பிரிந்து கிடப்பது தெரிகிறது. இறங்க மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. கோட்டைச் சுவரில், பெஞ்சில், மரத்தடியில் எல்லாம் வெள்ளை உருவங்களை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பேய்களாம். வந்தவர்களையே உட்காரவைத்து, ஈரச் சாந்துத் துணியை மேலே போர்த்திக் காயவிட்டு, ஆளை வெளியே எடுத்துவிடுவார்களாம். குனிந்து பார்த்தேன். முக்காடு இருக்கிறது, தோள் இருக்கிறது, மடியில் வைத்த கை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

உலகுவிடம் எல்லாம் சொன்னேன். "நம்ம ஊரு சுடுகாட்டுச் சாமி சொள்ளமாடன் இதைப் பாத்தா சிரிச்சிருவாரு" என்றாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், விழுவதற்கு முன்னால் மறதி ஏதாவது உண்டா என்று. இல்லை என்று சொன்னேன். மறதி யாருக்கு இல்லை? கோயிலுக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள், பூக்காரி கூட்டிவந்து விட்டாள் என்றால், அது சித்திரை வெயில். பாயசத்தில் உப்பைப் போட்டாள் என்றால், இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி. இதையெல்லாம் இத்தாலிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மே 18, சனி

எதிர்க்கரையில் பெல்லாஜியோ என்று ஊர். படகில் போனேன். இந்தப் படகுகள் காரையும் ஏற்றிக்கொள்கின்றன. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குக் கிளம்புகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்கள் செங்கோட்டை வண்டி ஒரு நாளாவது இப்படி வந்திருக்குமா?

ஊர் முழுக்கப் படிக்கட்டுச் சந்துகள். பட்டுத் துணிக் கடைகள். எல்லோரும் ஜோடி ஜோடியாக ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகிறார்கள். ஒரு கடைக்காரன் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி "இரண்டா?" என்று கேட்டான். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்று என்றேன்.

சாயங்காலம் அவளிடம், "ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிரு உலகு. அந்த டாக்டரம்மா மனசு சமாதானமாயிரும். சீக்கிரம் ஊருக்குப் போலாம்" என்று கெஞ்சினேன்.

"போங்க அங்கிட்டு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காது சிவந்திருந்தது. பேரன் பிறக்கப்போகிறான், இன்னும் வெட்கம் விடவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

மே 20, திங்கள்

இன்று பார்த்தது ஒரு ஆறு. அதன் பேருக்கு 'பாலாறு' என்றுதான் அர்த்தமாம். மலையிலிருந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்து, நம் ரத வீதி நீளம்கூட ஓடாமல், ஏரியில் விழுந்துவிடுகிறது. வருஷத்தில் சில மாதம் ஓடும், பிறகு நின்றுவிடும் என்று பியேரா அம்மாள் கையை அசைத்தும் விரலை மடக்கியும் சொன்னார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது, ஆனால் சண்டையில்லாமல் போகிறது.

உலகு கேட்டுவிட்டு, "குத்தாலம் மாதிரி இங்கயும் சீசன் உண்டோ?" என்றாள். எவ்வளவு சரியாகக் கேட்டாள் பாருங்கள். இவளுக்கா புத்தி தடுமாற்றம்?

பிறகு, "அந்த மலமேல கோட்டைக்குப் போனியளா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையே சொன்னேனே என்றேன். "எங்க சொன்னிய?" என்றாள். முதலிலிருந்து சொன்னேன். ராஜாளி, ஆலிவ் மரம், வெள்ளைப் பேய். சொள்ளமாடன் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். ஒப்புக்குச் சிரித்தாள்.

மே 21, செவ்வாய்

கோட்டைக்குப் போனியளா என்று இன்றும் கேட்டாள். கேட்ட கதையையே திரும்பக் கேட்பதில் சிலருக்கு ஒரு ஆசை. மாத்திரை வேறு கொடுக்கிறார்கள்.

மே 22, புதன்

ராஜா போனில் வந்தான். அம்மாவோடு நேற்றுப் பேசினேன், மருமகளை விசாரித்தாள், நன்றாகத்தான் பேசினாள் என்றான். "ஆனா அப்பா, உங்களப் பத்தி ஒண்ணுமே கேக்கலயே. சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு எப்பவும் புலம்புவாங்களே" என்றான்.

"நான்தான் தெனமும் முன்னால போயி நிக்கனே, அப்புறம் எதுக்கு உங்கிட்ட கேக்கணும்?" என்றேன்.

வரட்டுமா என்று கேட்டான். மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. இப்போது அவளை விட்டுவிட்டு வருவது நன்றாகவா இருக்கும்? வேண்டாம், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு குக்கரைத் திறந்து பார்த்தால் அரிசி போட்டிருக்கிறேன், தண்ணீர் ஊற்றவில்லை. பார்த்தீர்களா, மறதி எல்லோருக்கும் உண்டு.

மே 23, வியாழன்

மறுபடியும் கோட்டைக்கு ஏறினேன். இன்றும் அவள் அதைத்தான் கேட்பாள். கேட்கும்போது, "ஆமா, காலையிலதான் போயிட்டு வந்தேன்" என்று சொன்னால் பொய்யாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். ராஜாளிக்காரர் என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். இந்தத் தேசத்தில் என்னை அடையாளம் கண்டுகொள்ள ஓர் ஆள்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் காதலர் நடைபாதை வழியாக வந்தேன். தண்ணீர்மேல் தொங்குகிற மாதிரி, சிவப்புக் கம்பி போட்ட பாதை. விழுவதற்கு முந்தின நாள் உலகுவை அதில் நடக்கக் கூப்பிட்டதற்கு, "நல்லாருக்கே கூத்து, நாலு பேரு பாக்க" என்று சொல்லிக் குழுவோடு போய்விட்டாள். இன்று அதில் தனியாக நடந்தேன். பாதியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

பியேரா அம்மாள் ஒரு தட்டில் மீன் கொண்டுவந்து கொடுத்தார். ஏரி மீனை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்துச் சுட்டது. சாட்சாத் கருவாடு. எனக்கு வந்த குஷியில் புளிக்காய்ச்சல் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன். அவர் மூக்கைப் பொத்தவில்லை, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த தன் புருஷன் படத்தைக் காட்டி, மீனையும் காட்டினார். அவருக்குப் பிடிக்குமாம்.

ஒரு துண்டைப் பொட்டலம் கட்டி உலகுவுக்கு எடுத்துப் போனேன். கருவாடு என்றால் உயிரை விடுவாள். ஆசையாகத் தின்றாள். "கோட்டைக்குப் போனியளா?" என்றாள். "ஆமா, காலையிலதான் போயிட்டு வந்தேன்" என்றேன்.

மே 25, சனி

எங்கும் போகவில்லை. படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து வருகிற படகையும் போகிற படகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை.

ஒன்று எழுதவேண்டும். உலகு என் பேரைச் சொல்லாவிட்டாலும் 'ஏங்க' என்று கூப்பிடுவாள். அந்த 'ஏங்க'வில் கொஞ்சம் இழுப்பு இருக்கும். அது எனக்கு மட்டுமே உள்ளது. டாக்டர் கேட்கும் பேர் எனக்குப் பெரிதில்லை, என் பேரே அந்த 'ஏங்க'தான் என்று சிஸ்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இன்று சாப்பாட்டு வண்டி தள்ளிவரும் ஆளைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் தண்ணி" என்றாள். அதே இழுப்பு.

மரியாதை தெரிந்தவள். யாரை எடுத்தெறிந்து பேசியிருக்கிறாள்?

மே 26, ஞாயிறு

மாதா கோயில் மணி காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. சதுக்கத்தில் பெரிய பெரிய மரங்களுக்கடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தமிழில் பேசியே நாளாகிவிட்ட மாதிரி இருந்தது. நேற்றும் உலகுவோடு பேசினேன்தான். என்றாலும் அப்படித்தான் இருந்தது.

நாளைக்குக் கடைசிச் சோதனையாம். பதில் சரியாகச் சொல்லிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு நான் யாரென்று தெரியாமலா இருக்கும்? தெரியும். கேட்டுப் பார்த்துவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன், கேட்கவில்லை.

மே 27, திங்கள்

மத்தியானத்துக்கு முன்னாலேயே வரச் சொல்லியிருந்தார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் ரத்தக்கட்டு நன்றாகக் கரைந்துவிட்டதாம். டாக்டர் ரிவா உற்சாகமாக இருந்தார். படுக்கையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் சிஸ்டர் ரோஸிலி, கால்மாட்டில் நான்.

"இது எந்த இடம் அம்மா?"

"ஆஸ்பத்திரி."

"எந்த நாடு?"

"ராஜா அனுப்பிவச்ச நாடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சரி என்று டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு என்னைக் காட்டினார்.

"இது ஆரு அம்மா?"

உலகு என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். "இவரா? ஆவுடையப்பன்லா. நம்மூரு பஸ் ஸ்டாண்டுல வண்டிக்கு டைம் சொல்லுவாரு" என்றாள்.

சிஸ்டர் கைதட்டினார். "அங்கிள், பேரு பறஞ்சாச்சு, உத்தியோகம்கூடப் பறஞ்சாச்சு" என்றார். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த வாரமே டிக்கெட் போடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நானும் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் கேட்க ஆசைப்பட்ட பேர். கணீரென்று சொன்னாள். என் பேர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

போர்வையை இழுக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அடுத்த தெருக்காரனைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், டாக்டரத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன்.

"எந்தா அங்கிள்? எல்லாம் நல்லா வந்தல்லோ."

"அவ சொல்ல மாட்டா சிஸ்டர். நான் யாருன்னு தெரிஞ்சிருந்தா அவ சொல்லியிருக்க மாட்டா."

பேர் சொல்லாததைப் பற்றி அன்று நான் சிரித்துச் சிரித்துச் சொன்னது சிஸ்டருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, வேகமாக டாக்டரைத் தேடிப் போனார். வரட்டும். பூக்காரி கூட்டிவந்தது, பாயசம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"நின்னுக்கிட்டே இருக்கியளே, உக்காருங்க" என்றாள் உலகு. உட்கார்ந்தேன். விருந்தாளியிடம் பேசுகிற குரல். தோளில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டு அவிய கோட்டைக்குப் போயிருக்காவ. பொழுதாயிட்டு, இன்னும் காணல. வழியில பாத்தியளா?"

"பாத்தேன். எறங்கி வந்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

"மெதுவா வரட்டும். முட்டி வலி உண்டு. சொன்னாக் கேக்க மாட்டாவ" என்றாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி இவ்வளவு கவலையோடு அவள் வேறொருவரிடம் பேசி நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"அவரு பேரு என்னம்மா?"

சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். காது சிவந்துபோயிற்று. "பேரெல்லாம் சொல்லப்பிடாது" என்றாள்.

வெட்கம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். "ஏன் சொல்லப்பிடாது?" என்றேன்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சொன்னா அவிய ஆயுசு கொறைஞ்சிரும். அவிய இருக்கணும்லா."

"இருப்பாரும்மா" என்றேன்.